புறப்படும் முன்பே தொடங்கும் வேலை தேடல்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், கல்வி – வேலைவாய்ப்பு வழிகாட்டுக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





கடல் கடந்து பொருளீட்டுவது நமக்குப் புதிதன்று. நம் பாட்டனார்கள் கொழும்புக்கும் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் சென்றார்கள். 1970களுக்குப் பின் அடுத்த தலைமுறை துபாய்க்கும் ஜித்தாவுக்கும் குவைத்துக்கும் சென்றது. அவர்களுக்கு வழி திறந்தது உறவு. "மச்சான் விசா எடுத்து அனுப்பினார்" என்ற ஒற்றை வரியில் எத்தனையோ குடும்பங்களின் வரலாறு அடங்கிவிடும். கடைக்கும் கிடங்குக்கும் அந்த உறவே போதுமானதாக இருந்தது.

இன்று புறப்படும் நம் பிள்ளைகளில் மின்னணு – தொடர்பியல் பொறியியல் படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நாம் அதே வழியைத்தான் காட்டுகிறோம். "ஏதாவது ஒரு விசாவில் போய்ச் சேர், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்கிறோம். வளைகுடாவில் தொலைத்தொடர்புத் துறையில் பணியாற்றித் திரும்பியவர்களும், இன்றும் அங்கே பணியாற்றுபவர்களும் சேர்ந்த எங்கள் குழு, இந்த அறிவுரை இனிப் பொறியாளர்களுக்குப் பொருந்தாது என்பதை விளக்கவே இங்கு வந்திருக்கிறது.

துறையின் மூன்று படிகள்

முதலில், வேலை எங்கே இருக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். தொலைத்தொடர்புத் துறை மூன்று படிகளாக இயங்குகிறது. மேற்படியில் சேவை நிறுவனங்கள் உள்ளன: சவூதியில் எஸ்.டி.சி., மொபைலி, ஜெய்ன். அமீரகத்தில் எத்திசலாத், டூ. நடுப்படியில் அவர்களுக்குக் கருவிகளை வழங்கி நிறுவித்தரும் எரிக்சன், நோக்கியா, ஹுவாவே போன்ற நிறுவனங்கள். கீழ்ப்படியில் அவர்களிடம் வேலையைப் பிரித்து வாங்கிச் செய்யும் துணை ஒப்பந்த நிறுவனங்கள். கோபுரத்தில் ஆன்டெனா பொருத்துவது, கண்ணாடி இழைக் கேபிள் பதித்து இணைப்பது, வாகனத்தில் சென்று அலைவரிசையின் தரத்தை அளப்பது ஆகியவை பெரும்பாலும் இவர்கள் கையில் இருக்கின்றன.

புதிதாக வருகிறவருக்குப் பெரும்பாலும் திறப்பது இந்தக் கீழ்ப்படியின் கதவுதான். அதில் இழுக்கு ஏதும் இல்லை. எங்களில் பெரும்பாலோர் அந்த வாசல் வழியாகவே நுழைந்தோம். ஆனால் துணை ஒப்பந்த வேலை திட்டத்தோடு பிறந்து திட்டத்தோடு முடிவது. ஒரு நகரத்தில் 5ஜி கோபுரங்கள் எழுந்து முடிந்ததும் ஆட்குறைப்பு வரும். அந்த நேரத்தில் அடுத்த நிறுவனத்துக்கு மாற முடிகிறதா, ஊருக்குத் திரும்ப வேண்டியதாகிறதா என்பதை, விசாவில் எழுதப்பட்டிருக்கும் தொழிற்பெயரே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

தொழிற்பெயர் என்னும் தலையெழுத்து

நாங்கள் கண்ட ஒரு நிலையைச் சொல்கிறோம். பி.இ. முடித்த இளைஞர் சாதாரணத் தொழிலாளி விசாவில் வந்து சேர்கிறார். களத்தில் அவர் செய்வது பொறியாளர் வேலை. கணினியில் அறிக்கை எழுதுவதும் அவரே. ஆனால் அரசுப் பதிவில் அவர் தொழிலாளி. மூன்றாண்டு கழித்து வேறு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால், அந்த மூன்றாண்டைப் பொறியாளர் அனுபவமாகக் காட்ட அவரிடம் காகிதம் இல்லை. ஊரில் நகையை அடகு வைத்து வாங்கிய கடனும் அவருடைய மூன்றாண்டும் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன.

"முன்பெல்லாம் அப்படிப் போய் உயர்ந்தவர்கள் இல்லையா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். இருக்கிறார்கள், இந்த அவையிலேயே இருக்கிறார்கள். அன்று முதலாளி மனம் வைத்தால் தொழிற்பெயரை மாற்றிவிட முடிந்தது. இன்று இகாமாவும் பட்டமும் தொழிலாளர் ஒப்பந்தமும் அரசுக் கணினியில் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. சவூதியில் பொறியாளர் என்ற பெயரில் இகாமா பெற, சவூதி பொறியாளர் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். மன்றம் பட்டத்தின் உண்மைத்தன்மையைப் பல்கலைக்கழகம் வரை சென்று சரிபார்க்கிறது. வெளிநாட்டிலிருந்து அழைக்கப்படும் பொறியாளருக்குக் குறைந்தது 5 ஆண்டு அனுபவம் வேண்டும் என்று 2017-இல் அங்கே அறிவிக்கப்பட்டது. பொறியியல் தொழில்களில் 5 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் தனியார் நிறுவனங்களில், அந்நாட்டவருக்கான பங்கு 2024 ஜூலையில் 25 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஆக, வெளியாருக்கான இடம் குறைகிறது. அந்த இடத்துக்கான தகுதிச் சோதனை கூடுகிறது.

சரியான பெயரில் சென்றவருக்கு நன்மையும் உண்டு. 2021 மார்ச் 14-இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தின்படி, மின்னணு முறையில் பதிவான ஒப்பந்தம் உள்ளவர் ஓராண்டுக்குப் பின் முதலாளியின் இசைவின்றியே சவூதியில் வேறு நிறுவனத்துக்கு மாற வழி ஏற்பட்டது. எங்கள் காலத்தில் கனவிலும் காணாத உரிமை அது.

பட்டச் சான்றிதழ் மட்டும் போதுமா?

2018-இல் குவைத்தில் நடந்தது நம் கல்லூரி மாணவர்கள் அனைவரும் அறிய வேண்டிய செய்தி. பொறியாளர்கள் இகாமாவைப் புதுப்பிக்கக் குவைத் பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்று அவ்வாண்டு அறிவிக்கப்பட்டது. இந்தியப் பட்டங்களைப் பொறுத்தவரை, தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ.யின் அங்கீகாரம் பெற்ற படிப்புகளையே அச்சங்கம் ஏற்றது. பல ஆண்டுகள் பணியாற்றிய பொறியாளர்கள்கூடத் தவித்துப்போனார்கள். இந்தியத் தூதரகம் தலையிட வேண்டியதாயிற்று.

இதில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் வேறு, என்.ஏ.ஏ.சி. தரச்சான்று வேறு, என்.பி.ஏ. அங்கீகாரம் வேறு. என்.பி.ஏ. கல்லூரி முழுமைக்கும் அங்கீகாரம் தருவதில்லை. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே தருகிறது. ஒரே கல்லூரியில் கணினிப் பிரிவுக்கு இருந்து தொடர்பியல் பிரிவுக்கு இல்லாமல் போகலாம். 2014 ஜூன் 13-இல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினரான பின், இந்த அங்கீகாரத்தின் மதிப்பு வெளிநாடுகளில் மேலும் கூடியுள்ளது. ஆகவே பெற்றோர்களே, கல்லூரியில் சேர்க்கும் நாளிலேயே இதைக் கேளுங்கள். கட்டடத்தின் உயரத்தைவிட இது முக்கியம்.

அடுத்தது சான்றொப்பம். சவூதி அரேபியா 2022 டிசம்பர் 7 முதல் அப்போஸ்டில் முத்திரையை ஏற்கிறது. ஓமனும் பஹ்ரைனும் அதற்கு முன்பே அந்த உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டன. அதில் சேராத நாடுகளுக்கு, நம் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையோடு அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். வேலை கிடைத்த பின் இதற்காக ஓடினால் நாள்கள் கழியும், நிறுவனம் காத்திராது. பாஸ்போர்ட்டிலும் பட்டத்திலும் பெயர் ஓர் எழுத்தும் பிறழாமல் இருக்கின்றதா என்றும் இப்போதே பாருங்கள். அத்தாவின் பெயர் ஒன்றில் முன்னும் மற்றொன்றில் பின்னும் இருப்பது நம்மிடையே மிகுதி. அதனால் நின்றுபோன விண்ணப்பங்களும் மிகுதி.

இரண்டு ஆண்டு இங்கே

அனுபவமில்லாமல் எப்படி அனுபவம் பெறுவது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நம் நாட்டிலேயே பெறலாம் என்பதே எங்கள் விடை. 2022 அக்டோபர் 1-இல் தொடங்கிய 5ஜி சேவையும், கிராமங்களுக்குக் கண்ணாடி இழை இணைப்புத் தரும் பாரத்நெட் திட்டமும் இங்கே வேலைக்களத்தை விரித்துள்ளன. ஊதியம் குறைவுதான். ஆனால் ஓ.டி.டி.ஆர். கருவியால் இழை எங்கே அறுந்தது என்று கண்டறிவது, இழைகளை உருக்கி இணைப்பது, ஆன்டெனாக் கேபிளின் வி.எஸ்.டபிள்யூ.ஆர். அளவைப் பார்ப்பது, டெம்ஸ் மென்பொருளைக் கொண்டு களச்சோதனை நடத்துவது ஆகியவற்றை இங்கே கற்றவரை அங்கே தேடி அழைப்பார்கள்.

தன்விவரக் குறிப்பில் "கடின உழைப்பாளி" என்று எழுதுவதால் பயனில்லை. எத்தனை கோபுரங்களில் பணி செய்தீர்கள், எந்த நிறுவனத்தின் கருவி, எந்த அளவீட்டுக் கருவி என்று எழுதுங்கள். நேர்காணலில் அலைவலிமை சரியாக இருந்தும் வேகம் குறைவது ஏன், அழைப்பு ஏன் அறுகிறது என்றே கேட்பார்கள். ஐ.பி. பிணையப் பிரிவை விரும்புவோர் சி.சி.என்.ஏ. தேர்வை எழுதலாம், அச்சான்று 3 ஆண்டுகளே செல்லும் என்பதை நினைவிற்கொள்க. 4ஜி, 5ஜி தொழில்நுட்பத்தின் மூல வரையறைகளை 3ஜிபிபி அமைப்பு கட்டணமின்றியே வெளியிடுகிறது. பணம் கட்டிப் பயிற்சி நிலையம் செல்ல இயலாதவருக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு பக்க அறிக்கை எழுதப் பழகுவதும், வாகனம் ஓட்டக் கற்பதும் களப்பொறியாளருக்கு இன்றியமையாதவை.

முகவரும் ஒப்பந்தமும்

பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு அரசின் குடியேற்ற அனுமதி தேவையில்லை. இதைச் சலுகை என்று எண்ணுகிறோம். ஆனால், படிப்புக் குறைந்த தொழிலாளியின் ஒப்பந்தத்தை அரசு ஒருமுறை பார்க்கிறது. பொறியாளரின் ஒப்பந்தத்தைப் பொறியாளரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் பொருள். முகவர் உரிமம் பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் காணலாம். அவர் பெறக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. இலட்சங்களில் பேசுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்கிவருகிறது. அங்கும் பதிவு செய்யலாம்.

அமீரகத்தில் வேலைக்கான சலுகைக் கடிதம், 2016 முதல் தமிழ் உள்ளிட்ட 11 மொழிகளில் தரப்படுகிறது. "புரியாமல் கையெழுத்திட்டேன்" என்று சொல்ல வேண்டிய நிலை இனி யாருக்கும் வரக்கூடாது. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். அமீரகத்தில் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது: முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்குமேல் 30 நாள். மொத்தத் தொகையைக் காட்டி அடிப்படையைச் சுருக்கினால் இழப்பு நமக்கே.

விசிட் விசாவில் போய் வேலை தேடுவது ஒன்று. அதே விசாவில் வேலை செய்வது முற்றிலும் வேறு. அமீரகத்தில் 2024-இல் வந்த சட்டத் திருத்தம், அனுமதியின்றி ஆள் வைப்போருக்கு 1 இலட்சம் முதல் 10 இலட்சம் திர்ஹம் வரை அபராதம் விதிக்கிறது. "முதலில் வேலையைத் தொடங்கு, விசா பிறகு வரும்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

எங்கள் வேண்டுகோள்

வெளிநாட்டில் இருக்கும் மச்சான்மாருக்கும் காக்காமாருக்கும் ஒன்று சொல்கிறோம். பொறியியல் படித்த பிள்ளைக்கு விசா அனுப்பும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: தொழிற்பெயர் என்ன? ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா? செலவு யாருடையது? சரியான விடை இல்லையெனில் அந்த விசாவை அனுப்பாமலிருப்பதே நீங்கள் செய்யும் உதவி.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறோம். படிப்பு முடிந்த மறுமாதமே மகன் பணம் அனுப்ப வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். "பக்கத்து வீட்டுப் பிள்ளை போய்விட்டானே" என்ற சொல்தான் பலரைத் தவறான விசாவில் ஏற்றியிருக்கிறது. இரண்டு ஆண்டு பொறுத்தால், அடுத்த இருபது ஆண்டுக்கான பெயரோடு அவர் செல்வார்.

ஜமாஅத்துக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறையில் ஊர் வரும் பொறியாளர்கள் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, இளைஞர்களின் சான்றிதழ்களைப் பார்த்து, மாதிரி நேர்காணல் நடத்த இடம் ஒதுக்கித் தர வேண்டும். அதற்குச் செலவு ஏதும் இல்லை. இரண்டு நாற்காலியும் ஒரு மேசையும் போதும். எங்கள் குழுவினர் முறைவைத்து வரத் தயாராக இருக்கிறோம்.