அடையாற்றில் அறுபத்தைந்து வருஷம்

(தலைப்பு: தொண்டிலே பெரிது தொடங்கி வைப்பதா? தொடர்ந்து நிற்பதா? 'தொடர்ந்து நிற்பதே' என்ற அணியில் பேசியது.)



எதிரணிச் சகோதரி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நானும் தட்டினேன். தட்டாமல் இருக்க முடியுமா? தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அந்த அம்மையார், 1954-லே அடையாற்றிலே அந்த நோய்க்கென்றே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். சரி. ஆனால் சகோதரி, கதையைப் பாதியிலே நிறுத்திவிட்டீர்களே! 1968-லே அம்மையார் கண்ணை மூடினார். அப்புறம் ஆஸ்பத்திரி தானாகவா நடந்தது? (சிரிப்பு)

மிச்சக் கதையின் பெயர் டாக்டர் வி. சாந்தா. 1927-லே பிறந்த மயிலாப்பூர்ப் பெண். சர் சி.வி. ராமனும் வானியல் மேதை சந்திரசேகரும் நெருங்கிய உறவு. இரண்டு நோபல் பரிசு வந்த குடும்பம்! நம்ம வீட்டிலே ஒரு மாமா தாசில்தாராக இருந்தாலே பையனைப் பிடிக்க முடியாது. (சிரிப்பு)

சர்வீஸ் கமிஷன் தேர்வெழுதித் தேறினார். பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையிலே அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. பெண் டாக்டர் என்றால் பிரசவம் பார்ப்பவர் என்றே ஊர் நினைத்த காலம். அந்த உத்தியோகத்தை வேண்டாமென்று விட்டுவிட்டு 1955-லே அடையாற்றுக்கு வந்தார். அங்கே என்ன இருந்தது? 12 படுக்கை. டாக்டர்கள் இரண்டே பேர்: அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, இந்த அம்மா. சம்பளம் என்று பிறகு கொடுத்தது மாதம் 200 ரூபாய், வளாகத்துக்குள்ளேயே ஜாகை.

'போட்ட பாதையிலே நடப்பது என்ன பெரிய காரியம்?' என்று கேட்டார்கள். ஐயா, தொடக்க விழாவுக்கு மாலை உண்டு, மைக் உண்டு, மந்திரி உண்டு. சாதாரணச் செவ்வாய்க்கிழமைக் காலையிலே என்ன உண்டு? கையிலே காசில்லாமல் வந்து நிற்கிற நோயாளி உண்டு. மருந்து வாங்கின பில் உண்டு. அப்படி எத்தனை செவ்வாய்க்கிழமை! (கைதட்டல்) 2005-லே மகசேசே விருது கொடுத்தார்களே, அந்தச் சமயத்திலே அங்கே நூற்றுக்கு அறுபது பேருக்கு இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ சிகிச்சை. அந்தப் பணத்தை யாரோ அலைந்து திரட்டத்தானே வேண்டும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து நோயாளிக்குத் தனித்தட்டு, தனி டம்ளர் வைத்த வீடுகள் உண்டு. அது போகட்டும், அறியாமை. ஆனால் படித்த பேச்சாளர்கள் சில பேர் 'லஞ்சம் என்னும் புற்றுநோய்' என்று மேடையிலே முழங்குகிறார்களே, எனக்குப் பிடிக்கவில்லை. கீமோதெரபி முடித்து வந்து டி.வி. முன்னாலே உட்கார்ந்திருக்கிற ஒரு தாய்க்கு அது எப்படிக் கேட்கும்? 'சீக்கிரம் வாருங்கள், குணப்படுத்தலாம்' என்று அவளை நம்ப வைக்கத்தானே சாந்தா அம்மா ஆயுள் முழுக்கப் பாடுபட்டார்!

2010-லே கிருஷ்ணமூர்த்தியும் மறைந்தார். அப்போது இந்த அம்மாவுக்கு வயது 83. நாமாக இருந்தால் ஈஸிசேர் வாங்கியிருப்போம். (சிரிப்பு) அவர் வளாகத்தை விட்டுப் போகவில்லை. 2021 ஜனவரி 19-லே, 93 வயதிலே காலமானபோது, 12 படுக்கை 500-ஐத் தாண்டியிருந்தது.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். நடுவர் அவர்களே, 1968-க்கும் 2021-க்கும் நடுவிலே 52 வருஷம் இருக்கிறது. தீர்ப்புச் சொல்லும்போது அதை எந்த அணியின் கணக்கிலே எழுதப் போகிறீர்கள்? (பலத்த கைதட்டல்)