பதினாறு முடிந்த பிறகு

(சம்பளத் தினத்தன்று மாலை, பிள்ளை மடுவத்தில் நடந்த கூட்டத்தில் எமது நலன்புரிப் பிரிவினர் நிகழ்த்திய உரை. வரமுடியாமல் போனவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



மலையை விட்டு இறங்கி, கொழுந்து நிறுத்து, வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கக்கூட நேரமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றிவளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்கு நாங்கள் வீடமைப்பைப் பற்றியோ தண்ணீர்க் குழாயைப் பற்றியோ பேச வரவில்லை. சாவு விழுந்த வீட்டில் மிஞ்சியிருப்பவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

"சம்பள நாளும் அதுவுமா இந்தப் பேச்சுத்தானா?" என்று வாசலிலேயே ஒரு தாத்தா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லோரும் ஒன்றாக இருக்கும் நாள் இது ஒன்றுதான், தாத்தா. அதனால்தான் இன்றைக்கே பேசுகிறோம்.

நம்மிடம் உள்ள நல்ல வழக்கம்

தோட்டத்தில் ஒரு சாவு என்றால் யாரும் கூப்பிட்டு அனுப்ப வேண்டியதில்லை. தப்புச் சத்தம் கேட்டதும் லயமே எழுந்து வரும். ஒருவர் விறகு கொண்டு வருவார், ஒருவர் தகரம் கட்டுவார், பக்கத்துக் காம்பராவில் தேத்தண்ணி கொதிக்கும். மரணாதார சங்கம் பெட்டிக்குப் பணம் கொடுக்கும். பொம்பளையாட்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்து, நெஞ்சில் உள்ளதைக் கொட்டித் தீர்ப்பார்கள். இதெல்லாம் பழைய பழக்கம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். துக்கத்தை ஆற்றுவதற்கு நம் முன்னோர் கண்டுபிடித்த மருந்து அது.

ஆனால் அந்த மருந்து எத்தனை நாளைக்குக் கிடைக்கிறது? எட்டு வரைக்கும் ஆள் நிற்கும். பதினாறு வரைக்கும் வந்து போவார்கள். பதினேழாம் நாள் எல்லோரும் பிரட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தக் காம்பரா மட்டும் இருட்டாகக் கிடக்கும். துக்கம் முழுக் கனத்தோடு இறங்குவது பெரும்பாலும் அப்போதுதான்.

நாங்கள் செய்த பிழை

ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். எந்தத் தோட்டம், யாருடைய குடும்பம் என்று கேட்க வேண்டாம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு தாய் குளவி கொட்டி இறந்து போனார். புருஷனும் இரண்டு பெண் பிள்ளைகளும் மிஞ்சினார்கள். மூன்றாம் கிழமை எங்கள் ஆள் அந்த வீட்டுக்குப் போனார். நட்டஈட்டுப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார், அடையாள அட்டைப் பிரதி வாங்கினார், வந்துவிட்டார். "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரை அனுப்பிய நாங்களும் கேட்கச் சொல்லவில்லை.

அந்த அண்ணன் அப்போதே சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல் இருந்திருக்கிறார். வேலைக்கு ஒழுங்காகப் போகவில்லை. மாலையானால் குடி. "பொண்டாட்டி போனதும் ஆடுறான்" என்று லயத்தில் பேச்சு. ஒரு நாள் மூத்த பிள்ளையைக் கூப்பிட்டு, தங்கச்சியை நல்லாப் பாத்துக்கோ என்று சொல்லிவிட்டு, தன் உடுப்புகளை மடித்து வைத்திருக்கிறார்.

பக்கத்துக் காம்பரா ஆயா அதைப் பார்த்துவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷி. ஆனால் நாங்கள் கேட்காததை அவர் கேட்டார்: "என்னா தம்பி, செத்துப் போகலாம்னு நெனைக்கிறியா?" அவர் பதில் சொல்லாமல் அழத் தொடங்கிவிட்டார். ஆயா திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. "இன்னிக்கு நம்ம வூட்டு அடுப்புகிட்ட படுத்துக்கோ" என்று கூட்டிப் போனார். தன் மகனை அனுப்பி அந்த வீட்டில் இருந்த மருந்துப் போத்தலையெல்லாம் எடுக்க வைத்தார். விடிந்ததும் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இன்றைக்கு அந்த அண்ணன் வேலைக்குப் போகிறார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

பிறகு நாங்கள் போனபோது அவர் ஒன்று சொன்னார்: "ஒங்க ஆள் வந்தாங்க. கையெழுத்து வாங்கினாங்க. போயிட்டாங்க." அதில் கோபம்கூட இல்லை. அந்தச் சொல் எங்களை உறுத்தியதால்தான் இன்றைய கூட்டம்.

எது துக்கம், எது ஆபத்து?

அழுவது நோய் அல்ல. இறந்தவரின் குரல் கேட்ட மாதிரி இருப்பது, அவர் உட்காரும் இடத்தைப் பார்த்ததும் நெஞ்சை அடைப்பது, அவர் மேலேயே கோபம் வருவது எல்லாம் துக்கத்தில் இயல்பு. நாளாக நாளாக அலை கொஞ்சம் கொஞ்சமாகத் தணியும். திவசம் வரும்போது மறுபடி எழும்பும். அதுவும் இயல்புதான்.

உடல் கிடைக்காத சாவு இன்னும் கடினம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியது நம் எல்லோருக்கும் தெரியும். பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. முகம் பார்க்காமல், மண் போடாமல், மனம் எப்படி நம்பும்? வெளிநாட்டில் வேலைக்குப் போன தாய் இறந்த செய்தி தொலைபேசியில் வரும் வீட்டிலும் இதே நிலைதான். அப்படிப்பட்டவர்களிடம் "இன்னுமா அழுவுற?" என்று கேட்காதீர்கள்.

ஆனால் ஆறு மாதம் கடந்தும் ஒருவரால் சமைக்க, வேலை செய்ய, பிள்ளையைப் பார்க்க ஏலாமல் இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். கீழே சொல்வதில் எது இருந்தாலும் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது:

"நான் இருந்து என்னத்துக்கு", "நானும் அவரோடயே போயிடுறேன்" என்று சொல்வது. தன் சாமான்களை, நகையைப் பிறருக்குக் கொடுப்பது, பிள்ளைகளை மற்றவரிடம் ஒப்படைப்பது. பல இரவுகள் தூக்கமில்லாமல் இருப்பது. யாரோடும் பேசாமல் ஒதுங்குவது. வழக்கத்துக்கு மேல் குடிப்பது. கலங்கிக் கிடந்தவர் காரணமில்லாமல் திடீரென்று அமைதியாகிவிடுவது.

கேட்டால் கெட்டுப்போகாது

"சாகிறதப் பத்திக் கேட்டா, நாமளே நெனப்ப உண்டாக்கின மாதிரி ஆயிடாதா?" என்று பலர் பயப்படுகிறார்கள். ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. உள்ளே அடைத்து வைத்தவருக்கு மூச்சு விட வழி கிடைக்கிறது. ஆகவே அந்த ஆயா மாதிரி நேராகக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். "புள்ளைகள நெனைச்சுப் பாரு", "எல்லாம் விதி" என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். "நான் பக்கத்துல இருக்கேன், சொல்லு" என்றால் போதும்.

ஆம் என்று சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள். இரவிலும் ஒருவர் கூட இருக்கட்டும். மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சி மருந்து, புல்லு மருந்து, வீட்டிலுள்ள மாத்திரைகள் எல்லாவற்றையும் வேறு வீட்டுக்குக் கொண்டு போய்ப் பூட்டி வையுங்கள். சாராயமும் அன்றைக்கு வேண்டாம்.

இது எவ்வளவு முக்கியம் என்று நாட்டுக் கணக்கே சொல்கிறது. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அப்போது உலகிலேயே மிகக் கூடிய நாடுகளில் நாமும் ஒன்றாக இருந்தோம். அந்த ஆண்டிலும் 1998இலும், பிறகு 2008 முதல் 2011 வரையிலும் மிகக் கொடிய பூச்சி மருந்துகள் தடை செய்யப்பட்டன. அதன்பின் அந்த எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. மனிதருடைய கஷ்டம் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடவில்லை. நஞ்சு தூரப் போனது, அவ்வளவுதான். அந்தக் கொடிய நேரம் பலருக்கும் கொஞ்ச நேரமே நிற்கும். அதைத் தாண்டிவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார்.

எங்கே போவது?

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரி. தோட்ட வைத்திய உதவியாளரிடமோ குடும்பநல மாதுவிடமோ சொல்லுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அவர்கள் துண்டு தருவார்கள். மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநல கிளினிக் நடக்கிறது. காசு இல்லை. அங்கே போனால் பைத்தியம் என்று எழுதி அங்கொடைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலானோர் மருந்தோடும் பேச்சோடும் அன்றைக்கே வீடு திரும்புகிறார்கள். மனச்சோர்வுக்குத் தரும் மருந்து வேலை செய்ய இரண்டு மூன்று கிழமையாவது ஆகும். "ரெண்டு நாள் குடிச்சேன், ஒண்ணும் ஆகல" என்று நிறுத்திவிடாதீர்கள். குணமானது போல் இருந்தாலும் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

பூசாரி ஐயாவிடம் போவதை நாங்கள் தடுக்கவில்லை. கயிறு கட்டுங்கள், விளக்கு வையுங்கள். மருந்தையும் குடியுங்கள். சாமி கோபிக்காது.

இரவு நேரமானால், கையில் தொலைபேசி இருந்தால், 1926 என்ற எண்ணுக்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் ஆலோசனைச் சேவை அது, 24 மணிநேரமும் உண்டு. எடுத்தவுடன் "தமிழில் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். துயரத்தில் உள்ளவரின் பேச்சைக் கேட்பதற்கென்றே 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ என்ற அமைப்பும் இருக்கிறது. ஒருவர் ஏற்கனவே எதையாவது குடித்துவிட்டால் வீட்டு வைத்தியம் செய்து நேரத்தைக் கடத்த வேண்டாம், வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள், காசில்லை. மருந்துப் போத்தலையும் கையோடு கொண்டு போங்கள். வீட்டில் அடி உதை என்றால் பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929.

"பொலிஸ் கேஸ் ஆயிடும்" என்று மறைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தற்கொலைக்கு முயல்வது இந்த நாட்டில் 1998 முதல் குற்றம் இல்லை. அதற்காக யாரையும் சிறையில் போட ஏலாது. பயந்து ஒளித்து வைத்தால் உயிர்தான் போகும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழும் 1987 முதல் அரசகரும மொழி. ஆஸ்பத்திரியிலும், திடீர் மரண விசாரணையிலும், பொலிசிலும் நீங்கள் தமிழில் சொல்லலாம். விளங்காத கடதாசியில் கையெழுத்துப் போடாதீர்கள். துக்க வீட்டாரைத் தனியே அனுப்பாமல், இரண்டு மொழியும் தெரிந்த ஒரு இளைஞர் கூடப் போவது பெரிய உதவி.

கடதாசி வேலையும் ஆறுதல்தான்

சாவுக்குப் பிறகு பல குடும்பங்களை நசுக்குவது கடன். மரண அத்தாட்சிப் பத்திரத்தில் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்துப் பிழைக்காக நாள்கணக்கில் அலைய வேண்டிவரும். ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, சேவைக்காலப் பணம் ஆகியவற்றில் இறந்தவரின் குடும்பத்துக்கு உரிமை உண்டு. வேலையில் நேர்ந்த சாவானால் நட்டஈடும் கேட்கலாம். உயிரோடு இருக்கிற நாமும் நம் பின்னுரித்தாளர் பெயரைப் பதிந்திருக்கிறோமா என்று இந்த மாதமே பார்த்துவிடுவோம். கலியாணத்துக்கு முன்னால் அம்மா பெயரைக் கொடுத்துவிட்டு மாற்றாமல் விட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள்.

மரணாதார சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வளவும் சொன்னது ஒரு வேண்டுகோளுக்காகத்தான். சங்கத்திடம் பணம் கேட்கவில்லை. சாவு விழுந்த வீட்டுக்குப் பதினேழாம் நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு, கிழமைக்கு ஒருவர் முறைபோட்டுப் போகட்டும். ஒரு கிளாஸ் தேத்தண்ணி, அரை மணி நேரம். இறந்தவரின் பெயரைச் சொல்லியே பேசுங்கள். "அக்கா இருந்தா இன்னிக்கு என்னா சொல்லியிருப்பாங்க?" என்று கேளுங்கள். பெயரை மறைத்தால் துக்கம் மறைந்துவிடாது. பிள்ளைகளிடமும் உண்மையையே சொல்லுங்கள். "அம்மா தூங்குறாங்க" என்று சொன்னால் அந்தப் பிள்ளை தூங்கவே பயப்படும்.

தற்கொலை நடந்த வீட்டுக்கும் இதே முறைதான். அங்கே போக மட்டும் நம் கால் தயங்குகிறது. அந்த வீட்டார்தான் "நாம கவனிச்சிருந்தா" என்று இரவெல்லாம் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு கிடக்கிறார்கள். அவர்களிடம் காரணம் கேட்டுப் போகாதீர்கள். சும்மா போய் உட்காருங்கள்.

எங்கள் பங்குக்கு நாங்களும் ஒன்றை மாற்றியிருக்கிறோம். இனி எங்கள் ஆள் படிவத்தோடு எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும், முதலில் உட்கார்ந்து, "நீங்க எப்படி இருக்கீங்க, தூங்குறீங்களா, சாப்பிடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பார். கேட்காமல் எடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எங்களிடம் வந்து சொல்லுங்கள்.

முறைப்பட்டியல் எழுத ஒரு கொப்பியை மேசையில் வைத்திருக்கிறோம். போகும்போது பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். முதல் பெயரை அந்தத் தாத்தா இப்போதே கொடுத்துவிட்டார்.