விட்டிலும் விளக்கும்

(செஞ்சியில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் இலக்கியம் பேசுவோமென்று எதிர்பார்த்து வந்தோர் பலர் இருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ பூச்சி. எனினும் தமிழாசிரியர்க்கும் பூச்சிக்கும் தொடர்பில்லாமற் போகவில்லை. விளக்கின் ஒளியில் மயங்கி வீழ்ந்து மாயும் விட்டிலை, ஆசையால் அழிவோர்க்கு உவமையாக ஆண்டுதோறும் மாணாக்கர்க்குச் சொல்லி வருகின்றோம். அவ்வுவமை பாடத்துக்கு ஏற்றது, வயலுக்கு ஏற்றதன்று. இதனை எமது இரண்டு காணி மணிலாவை இழந்த பின்னரே உணர்ந்தோம்.

நம் வட்டாரத்தார் மல்லாட்டை என்று வழங்கும் மணிலா, இம்மலைகளைச் சூழ்ந்த மேட்டு நிலங்களில் வானம் பார்த்து விளைவது. அதன் பெரும்பகை சிவப்புக் கம்பளிப்புழு. இப்புழு வளர்ந்து முதிர்ந்தபின் வரப்போரத்திலும் மரநிழலிலும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாய்ப் பல மாதங்கள் உறங்கும். நல்ல மழையொன்று பெய்து மண் நனைந்ததும், மாலை வேளையில் அந்துப்பூச்சியாய் வெளிப்படும். வெண்ணிற முன்சிறகின் விளிம்பில் மஞ்சட் கோடு உடையது அது. பெண்பூச்சி நூற்றுக்கணக்கான முட்டைகளை இலைகளில் குவியல் குவியலாக இடும். அவற்றிற் பொரிந்த புழுக்கள் முதலிற் கூட்டமாக இருந்து இலையைச் சுரண்டும். பின்னர்ப் படையெனத் திரண்டு நிலம் விட்டு நிலம் செல்லும்.

ஓராண்டு மழை பெய்து நான்கு நாட் கழித்து, நிலத்தின் நட்டநடுவே உயர்ந்த கம்பத்தில் யாம் ஒரு விளக்கைக் கட்டிக் கீழே நீர்த்தட்டு வைத்தோம். தட்டில் வீழ்ந்தவை சில. சுற்றியிருந்த செடிகளில் அமர்ந்தவை பல. புழு முதலில் மொய்த்த இடம் விளக்கின் அடியே. அங்கிருந்து எம் பயிரைத் தின்று, வரப்பைக் கடந்து, அடுத்த நிலத்தாரின் பயிரையும் தின்றது. அவர் எம்மை ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. அதுவே எமக்குப் பெருந்தண்டனையாயிற்று.

பிழை எங்கே? விட்டில் விளக்கை விரும்பி அதனுள் வந்து விழுமென்று நம்பியதே பிழை. 2024ஆம் ஆண்டில் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ என்னும் ஆராய்ச்சி இதழில் ஃபேபியன், சோந்தி முதலிய அறிஞர்கள், அதிவேகப் படக்கருவிகளாற் கண்டதை வெளியிட்டனர். பறக்கும் பூச்சிகள் ஒளியுள்ள பக்கத்தை வானமெனக் கொண்டு அதற்குத் தம் முதுகைக் காட்டும். இயற்கையில் இரவிலும் வானமே நிலத்தினும் ஒளி மிக்கது. ஆதலால் இவ்வழக்கம் அவற்றை நேராகப் பறக்கச் செய்கின்றது. அருகில் விளக்கொன்று எரியுமாயின், அதற்கு முதுகைத் திருப்பித் திருப்பிச் சுற்றிச் சுற்றி வரும். அது ஆசையன்று, மேல் எது, கீழ் எது என்னும் தடுமாற்றம்.

இவ்வுண்மை தெரியின் பொறியின் அமைப்பும் விளங்கும். சுற்றும் பூச்சி தானே விழாது; அதனைத் தடுத்து வீழ்த்தவேண்டும். ஆகவே விளக்கைச் சுற்றி மூன்று தகடுகளைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் ஒரு புனலையும் அதன்கீழ் ஒரு கலத்தையும் வைப்பர். தகட்டில் மோதிய பூச்சி புனல்வழியே கலத்தில் இறங்கும். வெறுந்தட்டு வைப்போர் அகன்ற தட்டாக வைத்து, நீரிற் சிறிது மண்ணெண்ணெயோ சவர்க்காரமோ கலத்தல் வேண்டும். கலவாவிடின் பூச்சி நீர்மேல் மிதந்து மீண்டும் எழுந்துவிடும். புற ஊதாக் கதிரும் நீல ஒளியும் கலந்த விளக்கு மிகுதியாக ஈர்க்கும். மஞ்சள் விளக்குக் குறைவாகவே ஈர்க்கும். எனவே வயலுக்கு முன்னதும் வீட்டுத் திண்ணைக்குப் பின்னதும் தக்கவை. ஈர வரப்பின்மேல் மின்கம்பி இழுத்தல் உயிர்க்கு ஆபத்து. சூரிய ஒளியால் மின்னேற்றம் பெறும் விளக்கே நன்று.

இனி வைக்கும் இடம். பயிரின் நடுவில் வேண்டா. பொறிக்குத் தப்பிய பூச்சி அங்கேயே முட்டையிடும். கூட்டுப்புழு உறங்கும் வரப்போரமும் மரத்தடியும் அடுத்த வெற்றிடமே தக்கது. விளக்குப் பயிரினுஞ் சிறிது உயர்ந்து நாற்புறமும் தெரிய நிற்கவேண்டும்; தெருவிளக்கின் அருகே வைப்பின் பயன் குறையும். முழுநிலா இரவில் அகப்படுவன குறைவு. இருள்மிக்க இரவில் மிகுதி.

காலம் இடத்தினும் முக்கியம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், மழை பெய்தவுடனே 3 அல்லது 4 விளக்குப் பொறிகளும் தீமூட்டங்களும் அமைக்குமாறு அறிவுறுத்துகின்றது. கார்த்திகைச் சொக்கப்பனை பூச்சியை ஒழிக்கவே ஏற்பட்டதென்பார் உளர். கம்பளிப்புழுவைப் பொறுத்தமட்டில் அது காலங்கடந்த தீ. நான்கு நாட் பொறுத்த எமது விளக்கும் அத்தகையதே. மாலை இருட்டியது முதல் முன்னிரவு வரை எரித்து அணைத்துவிடுக. விடியுமட்டும் எரித்தால் நமக்கு நன்மை செய்யும் பூச்சிகளும் வீணே மடியும்.

விளக்கு ஒன்றே போதுமென்று யாம் சொல்லவில்லை. கோடையுழவு கூட்டுப்புழுவை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டும். முட்டைக் குவியலுள்ள இலைகளைக் கிள்ளி அழித்தல் வேண்டும். புழு புறப்பட்டபின் நிலத்தைச் சுற்றி 30 சென்டிமீட்டர் ஆழமும் 25 சென்டிமீட்டர் அகலமும் உள்ள செங்குத்தான பள்ளம் வெட்டி அதனைத் தடுத்தல் வேண்டும்.

அன்பர்களே! இவற்றுள் எதனையும் ஒருவர் தனித்துச் செய்து பயனில்லை. நம் நிலத்தில் விளக்கு எரிய, அடுத்த நிலம் இருண்டு கிடக்குமாயின், அங்கே பிறந்த புழு நம் வரப்பேறும். நம் சங்கத்தார் நிலங்களை அடுத்துள்ளவை பிற வகுப்பார் நிலங்கள். ஊர்த்தெருவாருடையவும் உண்டு, காலனியாருடையவும் உண்டு. புழுவுக்கு வரப்பும் தெரியாது, வகுப்பும் தெரியாது. ஆதலின் முதல் மழை பெய்த அன்று மாலையே, நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் நாற்புற நிலத்தாரின் வீட்டு வாயிலுக்குத் தாமே சென்று, “இன்றிரவு எல்லோரும் விளக்கு வைப்போம்” என்று அழைக்கவேண்டுமெனக் கேட்டுக்கொள்கின்றோம். யாம் அன்று அவ்வாறு சென்றிருந்தால், ஒருவர் முகத்தை நேரே பார்க்க இயலாமல் ஓராண்டு கழித்திருக்கமாட்டோம்.