குழந்தைகட்கு நூல் படித்துக் காட்டுதல்

(இராமநாதபுரம் கடற்கரைக் கிராமத்து ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



வலைக்கும் படகுக்கும் கடன் பேசவேண்டிய கூட்டத்தில், மூன்று வயதுக் குழந்தைக்குக் கதைப்புத்தகம் படித்துக் காட்டுவதைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். 1844-ஆம் வருஷத்தில் இங்கிலாந்து தேசத்து ராச்டேல் நகரில் ஐக்கிய பண்டகசாலை கண்ட தொழிலாளிகள், சில வருஷங்களுக்குள் மாவும் வெண்ணெயும் விற்ற கடையின் மாடியிலேயே வாசகசாலை வைத்தார்கள். லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கு ஒதுக்கினார்கள். ஆகையால் இது நமக்குப் புறம்பான விஷயமன்று.

நம் குழந்தைகள் அறிவிற் குறைந்தவர்களல்லர். பள்ளியிற் சேருமுன்னரே வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயர் சொல்லுவார்கள்; சூடையையும் நெத்திலியையும் பிரித்தறிவார்கள். எனினும், 'அப்பா வந்துட்டாக' என்று வீட்டிலே கேட்டு வளர்ந்த குழந்தை, பாடபுத்தகத்தில் 'தந்தை வந்தார்' என்று கண்டதும், இது வேறு யாரோ பேசும் பாஷை என மயங்குகின்றது. எழுத்தையும் கற்க வேண்டும், நடையையும் கற்க வேண்டும். சிறு தோளில் இரண்டு சுமை. நூல் நடையை முன்னமே காதாற் கேட்ட குழந்தைக்கு ஒரு சுமை இறங்கிவிடுகின்றது. படித்துக் காட்டுவதன் பெரும் பிரயோஜனம் இதுவேயென்பது என் அபிப்பிராயம்.

இதற்கு இராமேசுவரத்திலேயே சான்று உண்டு. பிற்காலத்தில் ராஷ்டிரபதியாக விளங்கிய அப்துல் கலாம் அவர்கள், 1939-இல் யுத்தம் மூண்டபோது ஏறக்குறைய எட்டு வயதுச் சிறுவர். அவரைவிட வெகுவாக மூத்தவரான ஜலாலுதீன் யுத்தச் செய்திகளைக் கதையாகச் சொல்லுவார். சிறுவர் பின்னர் அவற்றைத் 'தினமணி'யின் தலைப்புகளில் தேடுவார். முதலில் காது, பிறகு கண். அந்த ஜலாலுதீனோ குடும்பக் கஷ்டத்தால் அதிகம் படிக்க இயலாதவர். ஆகவே, "நான் என்ன படித்தேன், குழந்தைக்குப் படித்துக் காட்ட?" என்று எவரும் பின்வாங்க வேண்டுவதில்லை.

தகப்பனார் பாட்டுக்குப் போயிருக்கும் இரவுகளில் தாயார் படிக்கலாம். தாயாருக்கு எழுத்துத் தெரியாவிடில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தம்பிக்குப் படிக்கட்டும். பெரியவனுக்கும் வாசிப்புத் திருந்தும். அருகிருக்கும் அப்பத்தா படத்தைக் காட்டிக் கேள்வி கேட்கட்டும். கால்மணி நேரம் போதும். வரியின்கீழ் விரலை ஓட்டிப் படியுங்கள். நேற்றுக் கேட்ட கதையையே குழந்தை மறுபடி கேட்டால் சலிக்க வேண்டாம். நாலாந்தரம் கேட்கையில் அடுத்த சொல்லை அதுவே சொல்லும். கைப்பேசியிலும் கதை வருகிறதே எனலாம். அது குழந்தையின் கேள்விக்காக நிற்பதில்லை. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம், கைக்குழந்தைப் பருவம்முதலே படித்துக் காட்டுமாறு பெற்றோருக்குச் சொல்லும்படி 2014-இல் தன் வைத்தியர்களைக் கேட்டுக்கொண்டது.

புத்தகத்துக்கு எங்கே போவதென்பீர்கள். சங்கக் கட்டடத்தில் ஒரு தகரப்பெட்டி வைத்து, இருபது படக்கதைப் புத்தகங்கள் வாங்கி, கடன் பதிவேட்டைப் போலவே ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்து வாங்கலாம். நிர்வாக சபையார் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானத்துக்கு எடுக்குமாறு வேண்டுகிறேன். ஒரு நிபந்தனை: கிழிந்த புத்தகத்துக்கு அபராதம் கூடாது. அபராதத்துக்கு அஞ்சினால் புத்தகம் பரணில் ஏறிவிடும். குழந்தையின் கைக்கு வாராது.