நால்வர் அறிந்த துன்பம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

பாடசாலைப் பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். நான் வைத்தியன் அல்லன். இன்னும் பயின்றுகொண்டிருக்கும் பல்கலைக்கழக மாணவன். ஆதலின் நான் கண்டதொன்றைக் கூறியே தொடங்குகின்றேன்.

மிஷன் பாடசாலையில் என்னோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்த தோழன் ஒருவன் இருந்தான். பன்விலவில் ஒரு தோட்டத்து லயத்திலே பாட்டியோடு வாழ்ந்தான். தாய் வெளிநாட்டிலே வீட்டு வேலை செய்துவந்தார். சாதாரண தரப் பரீட்சை நெருங்கிய வேளையில் அவன் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தான். சோம்பல் என்றார் ஆசிரியர். கண்ணூறு என்றெண்ணிக் கோயிலில் நூல் கட்டுவித்தார் பாட்டி. தலைவலி என்று போனவனுக்கு மாத்திரை கொடுத்தார் மருந்து கொடுப்பவர். இரவில் அவன் உறங்குவதில்லை என்பது எனக்குத் தெரியும். நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. நால்வரும் அவன் நலம் விரும்பியவர்களே. ஆயினும் ஒருநாளேனும் நாங்கள் நால்வரும் கூடிப் பேசினோமில்லை. பரீட்சை எழுதாமலே அவன் பாடசாலையை விட்டு நீங்கினான். அந்த வெற்றிடம் இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது.

மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு பதினான்கு வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அந்த வயதில் பிள்ளையை நாள்தோறும் காண்பவர் ஆசிரியர். எனினும் அவர் ஒருவராலேயே எல்லாம் ஆகிவிடுமோ? ஆகாது. யாழ்ப்பாணத்தில் போரினால் மனம் புண்பட்டோர் தொகை பெருகியபோது, வைத்தியர்கள் மட்டும் அத்தனை பேரையும் பார்த்துவிட இயலவில்லை. எனவே மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போன்றோரும் சாந்திகம் நிறுவனத்தாரும் ஆசிரியர்களையும் ஊர்த் தொண்டர்களையும் பயிற்றி உடன் சேர்த்துக்கொண்டனர். நமக்கும் அதுவே வழி.

நம் சங்கம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒவ்வொரு பாடசாலைக்கும் பொறுப்பான ஒருவரைத் தெரிந்து, பயிற்சி பெறச் செய்வோம். அவர் வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை. உளவளத்துணை ஆசிரியர், பெற்றோர், சுகாதார வைத்திய அதிகாரி ஆகியோரை இணைத்து வைத்தாற் போதும். கண்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால், சிங்களம் தெரியாத தாய்க்குத் துணையாகச் செல்லட்டும். ஒரு லயத்துக் காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவில் கேட்கும் என்பதை நாம் அறிவோம். ஆகவே பிள்ளை சொன்னதை அவர் ஊர்ப்பேச்சாக்கலாகாது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் தாமதியாது உரியவரிடம் சொல்லியே ஆகவேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கங்களை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொள்ளட்டும்.

பெரியோர்களே, கோயிலில் நூல் கட்டுவதை நான் குறை கூறவில்லை. நூலைக் கட்டிய கையே அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து ஆசிரியரிடமும் வைத்தியரிடமும் அழைத்துச் செல்லட்டும் என்றுதான் வேண்டுகின்றேன். இளைஞர்களே, உங்கள் வாங்கில் பேசாதிருப்பவனிடம் நாளைக் காலையிலேயே பேசுங்கள். நான் அன்று செய்யத் தவறியது அதுவே.