பில்லைக் கேளுங்க, வரியைக் கூட்டிப் பாருங்க!

(வட்டாட்சியர் அலுவலகம் முன் நடந்த ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



"விவசாயிக்கு ஏதுப்பா வரி? அவன்தான் வருமான வரியே கட்டுறதில்லையே" என்று டவுனில் பேசுகிறார்கள். உரக்கடை வாசற்படி ஏறுகிற ஒவ்வொரு முறையும் நாம் வரி கட்டுகிறோம். ஒரு வரி இல்லை, இரண்டு வரி. எவ்வளவு கட்டுகிறோம் என்று நமக்கே தெரியாததால்தான் அவர்கள் அப்படிப் பேச முடிகிறது. அந்தக் கணக்கை இன்றைக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்தது. நம்ம ஊர்க் கடையில் வாங்கும் பொருளுக்கு அதில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. பில்லில் சிஜிஎஸ்டி என்று ஒரு வரி, எஸ்ஜிஎஸ்டி என்று இன்னொரு வரி இருக்கும். பூச்சிமருந்து பில்லில் 9 சதம் என்று ஒரு இடத்தில் பார்த்துவிட்டு "ஒன்பதுதானே" என்று வந்துவிடாதீங்க. அதற்குக் கீழேயே இன்னொரு 9 இருக்கும். கூட்டினால் 18. வெளி மாநிலத்திலிருந்து நேராக வரவழைத்தால் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாக, அதே 18.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு? மனதில் வைத்துக்கொள்ளுங்க.

விதைக்கு வரி இல்லை. மண்வெட்டி, அரிவாள் போன்ற கைக்கருவிகளுக்கு இல்லை. உரத்துக்கு 5 சதம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர், சொட்டுநீர், தெளிப்புநீர்ச் சாதனங்கள், உழவு இயந்திரங்களுக்கு 12-லிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். டிராக்டர் டயருக்கும் உதிரிபாகத்துக்கும் 18-லிருந்து 5. சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா, வேம்பு மருந்து உள்ளிட்ட 12 உயிரி மருந்துகளுக்கும் 12-லிருந்து 5. அது நல்லதுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் டிராக்டரை ஆயுளில் ஒரு தடவை வாங்குகிறவனே நம்மில் எத்தனை பேர்? பூச்சிமருந்தையும் களைக்கொல்லியையும் போகத்துக்குப் போகம் வாங்குகிறோமே, அதற்கு 18 சதம் அப்படியே நிற்கிறது. பிவிசி பைப்புக்கு 18. கிணற்று மோட்டார் பம்புக்கு 12 ஆக இருந்ததை 2022 ஜூலையில் 18 ஆக்கினார்கள். 2025-ல் குறைத்த பட்டியலில் அந்தப் பம்பு இல்லை.

இப்போ கணக்கு. கால்குலேட்டர் வேண்டாம், விரல்விட்டே போடலாம்.

வரி சேராத விலையைக் கடைக்காரர் சொன்னால், 18 சதம் இப்படி: பத்தில் ஒரு பங்கை எடுங்க, இரட்டியுங்க, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்க. பைப்பு 3,000 ரூபாய் என்றால் பத்தில் ஒரு பங்கு 300. இரட்டித்தால் 600. அதில் 60 கழித்தால் 540. இதுதான் இரண்டு வரியும் சேர்த்து. பாதி 270 டெல்லிக்கு, பாதி 270 சென்னைக்கு. 5 சதம் என்றால் இன்னும் சுலபம், பத்தில் ஒரு பங்கில் பாதி.

ஆனால் உர மூட்டையிலும் மருந்து பாட்டிலிலும் அச்சிட்டிருக்கிற எம்ஆர்பி விலையில் வரி ஏற்கனவே உள்ளே இருக்கிறது. அதிலிருந்து வரியைப் பிரிக்க வேறு வழி. 5 சதப் பொருள் என்றால் விலையை 21-ஆல் வகுங்க. 18 சதப் பொருள் என்றால் விலையை 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்குங்க. தோராயமாக நூறு ரூபாய்க்கு 15 ரூபாய் 25 பைசா.

ஒரு சிறு விவசாயி ஒரு போகத்துக்கு 1,350 ரூபாய் விலையில் இரண்டு மூட்டை டிஏபி, 266 ரூபாய் 50 பைசா விலையில் இரண்டு மூட்டை யூரியா, 3,000 ரூபாய்க்கு மருந்து வாங்குகிறார் என்று வையுங்க. எல்லாமே எம்ஆர்பி.

டிஏபி 2,700 ரூபாயில் வரி 128.57.
யூரியா 533 ரூபாயில் வரி 25.38.
மருந்து 3,000 ரூபாயில் வரி 457.63.

மொத்தம் 6,233 ரூபாய் கொடுத்ததில் 611 ரூபாய் 58 பைசா வரி. பத்து ரூபாய்க்கு ஏறக்குறைய ஒரு ரூபாய்! அதில் முக்கால் பங்கு மருந்துக்கு மட்டும். உரத்துக்கு அரசு மானியம் தருகிறது என்று தம்பட்டம் அடிக்கிறார்களே, அந்த மூட்டைக்கு நாம் கொடுக்கிற விலையிலும் வரி எடுக்கத்தான் செய்கிறார்கள்.

டீசல் இந்தக் கணக்கிலேயே வராது. அது ஜிஎஸ்டிக்கு வெளியே. மத்திய அரசு லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று கலால் வரி போடுகிறது. மாநில அரசு வாட் வரி போடுகிறது. தமிழ்நாட்டில் 2020 மே மாதம் டீசலுக்கு 11 சதமும் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் என்று நிர்ணயித்தார்கள். அந்தச் சத வரியைக் கலாலும் சேர்ந்த விலை மேல்தான் கணக்கிடுகிறார்கள். வரிக்கு மேலே வரி! உழவு ஓட்டுகிற டிராக்டர்காரர் நம்மிடம் கூலி கேட்கும்போது இதையும் சேர்த்துத்தான் கேட்கிறார்.

இங்கேதான் பெரிய அநியாயம் இருக்கு, கவனமாகக் கேளுங்க. சோப்பு செய்கிற முதலாளி மூலப்பொருளுக்குக் கட்டிய வரியை, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறார். கடைசியில் சோப்பு வாங்குகிறவர் தலையில் அது போகிறது. நாம்? நெல்லை விற்றால் நமக்கு வரி இல்லை, ஜிஎஸ்டி பதிவும் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. கேட்கச் சலுகை மாதிரி இருக்கு. பதிவு இல்லாததால் நாம் கட்டிய 611 ரூபாயைக் கழிக்க வழியில்லை. நெல் விலையில் ஏற்றவும் முடியாது, விலையை நாமா வைக்கிறோம்? ஆக, முதலாளிக்குத் திரும்பி வருகிற வரி, குடியானவனுக்கு அவன் மடியிலேயே கழன்று விழுகிறது.

கேட்டால் மாநிலம் டெல்லியைக் கை காட்டுகிறது, டெல்லி கவுன்சிலைக் கை காட்டுகிறது. ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. முடிவுக்கு முக்கால் பங்கு வேண்டும். இரண்டு பேரும் பாதிப் பாதி எடுத்துக்கொள்கிறார்கள், இரண்டு பேரும்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்தது நம்ம வீட்டு வேலை. "பில் வேணும்னா வரி சேரும், வேணாம்னா குறைச்சுத் தர்றேன்" என்று சில கடைகளில் சொல்கிறார்கள். ஆசைப்படாதீங்க. விதை முளைக்காமல் போனால், மருந்து போலியாக இருந்தால், எந்தக் காகிதத்தைக் காட்டி நஷ்டஈடு கேட்பீங்க? உரத்துக்கும் விதைக்கும் ரசீது கொடுக்க வேண்டியது கடைக்காரரின் சட்டப்படியான கடமை. துண்டுச்சீட்டு ரசீது ஆகாது.

பில்லில் மூன்று விஷயம் பாருங்க. ஒன்று, 15 எழுத்துள்ள ஜிஎஸ்டி எண். தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33 என்று தொடங்கும். இரண்டு, எம்ஆர்பிக்கு மேல் தனியாக வரி போட்டிருந்தால் அது பகல் கொள்ளை, கொடுக்காதீங்க. மூன்று, "காம்போசிஷன்" முறையில் பதிந்த சின்னக் கடைக்காரர் உங்களிடம் ஜிஎஸ்டி என்று தனியாக ஒரு பைசா வாங்கக் கூடாது. அந்த வரி அவர் கையிலிருந்து கட்ட வேண்டியது. தகராறு வந்தால் சங்கத்துக்குச் சொல்லுங்க, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கும் போன் போடலாம்.

நம் கோரிக்கைகள்:

1. பூச்சிமருந்து, களைக்கொல்லி, பைப்பு, பம்பு வரியை 18-லிருந்து 5 ஆகக் குறை!
2. உரத்துக்கான 5 சத வரியை அடியோடு நீக்கு!
3. சிறு, குறு விவசாயி கட்டிய இடுபொருள் வரியைப் பில்லின் பேரில் வங்கிக் கணக்கில் திருப்பிக் கொடு!
4. உழவு டீசலுக்குக் கலாலையும் வாட்டையும் ரத்து செய்!
5. வரி சேர்ந்த விலைப் பட்டியலை ஒவ்வொரு உரக்கடையிலும் தமிழில் எழுதி வை!

மூன்றாவது கோரிக்கைக்கு நம் கையில் சாட்சி வேண்டும். இந்தப் போகத்துப் பில் அத்தனையையும் ஒரு பையில் போட்டு வையுங்க. கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. ஊர் ஊராகக் கூட்டி, இந்த வட்டத்து விவசாயி ஒரு போகத்துக்கு எவ்வளவு வரி கட்டினான் என்ற கணக்கை ஆட்சியர் மேசையில் வைப்போம். வெறும் வாயால் கேட்டால் பரிசீலிப்போம் என்பார்கள். பில்லோடு கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!