அனைத்துலகப் பொருளாதாரம் படிக்க எந்தக் கல்லூரி?

(பரிசளிப்பு விழாவில் பெற்றோர்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு முதலில் என் வாழ்த்து. பரிசு வாங்காத பிள்ளைகளுக்கும் வாழ்த்து. அடுத்த ஆண்டு மேடை இதே இடத்தில்தான் இருக்கும்.

மேற்படிப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். நான் பயிற்சிச் சான்றிதழோடு வந்த சாதாரண ஆசிரியன். ஆனாலும் இங்கே படித்துப் போன பிள்ளைகள் ஐந்தாம் படிவம், ஆறாம் படிவம் முடித்துவிட்டு, பாரங்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்காக விசாரித்ததையும் படித்ததையும்தான் இன்று சொல்லப் போகிறேன்.

டாக்டர், வக்கீல், என்ஜினியர், இந்த மூன்றைத் தவிர வேறு படிப்பே இல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அண்மையில் ஒரு மாணவி, "சார், அனைத்துலகப் பொருளாதாரம் படிக்கலாமென்று இருக்கிறேன். எந்தக் கல்லூரிக்குப் போவது?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற அவள் அப்பா, "அது என்னா படிப்பு சார்? படிச்சா சோறு போடுமா?" என்றார். இரண்டும் நியாயமான கேள்விகள். அப்பாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

பெரியோர்களே! இந்தப் படிப்பின் பெயர்தான் நமக்குப் புதிது. விஷயம் நம் லயத்து வாசலிலேயே இருக்கிறது. நம் பாட்டனார் காலையில் பிரட்டுக்குப் போய், விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டினார். அந்தப் பாலுக்கு விலை வைத்தது யார்? கங்காணியா, கிராணியா, துரையா? மூவரும் இல்லை. லண்டனிலும் நியூயார்க்கிலும் வாங்குகிறவனும் விற்கிறவனும் பேசி முடித்த விலை அது. 1922ல் ரப்பர் விலை விழுந்தபோது, மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதியைக் குறைக்க வேண்டுமென்று ஸ்டீவன்சன் திட்டம் கொண்டுவந்தார்கள். டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியா அதில் சேரவில்லை. இங்கே குறைத்ததை அங்கே கூட்டினார்கள். 1928ல் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு 1950ல் கொரியாவில் சண்டை மூண்டதும் ரப்பர் விலை மளமளவென்று ஏறியது. எங்கேயோ சண்டை, இங்கே விலை!

1979ல் ரப்பர் விளைவிக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. விலை விழும்போது பொதுக் கிடங்குக்கு வாங்கி வைப்பது, விலை ஏறும்போது கிடங்கிலிருந்து விற்பது என்பது ஏற்பாடு. அதன் தலைமையகம் நம் கோலாலம்பூரில்தான் இருந்தது. 1999ல் அந்த அமைப்பு கலைக்கப்பட்டது. அது ஏன் வந்தது, ஏன் நிலைக்கவில்லை என்று ஆராய்வதுதான் அனைத்துலகப் பொருளாதாரம்.

ரப்பர் பழைய கதை என்கிறீர்களா? செம்பனையைப் பாருங்கள். 2022ல் உக்ரேனில் போர் தொடங்கியது. அங்கிருந்து வரும் சூரியகாந்தி எண்ணெய் தடைப்பட்டது. மார்ச் மாதத்தில் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டியது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா தன் ஏற்றுமதியை நிறுத்தி, மே மாதத்தில் மறுபடி திறந்துவிட்டது. இவ்வளவும் நம் வீட்டுத் தாய்மார்களுக்குத் தாளிக்கும் சட்டியில் தெரிந்திருக்கும். காரணத்தை எடுத்துச் சொல்ல நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்?

சொல்ல ஆள் இருந்தால் என்ன பயன் என்று கேட்கலாம். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த அந்தத் துண்டாடலை ஆராய்ந்து, கணக்கோடு எழுதி வைத்தவர் பேராசிரியர் உங்கு அஸிஸ். பிற்பாடு 1968 முதல் 1988 வரை மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொருளாதார அறிஞர் அவர். அதே 1960ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியின் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டம் வாங்க வழி செய்தார். கண்ணீரை மட்டும் கொண்டுபோனால் அதிகாரி ஆறுதல் சொல்லி அனுப்புவார். கணக்கையும் கொண்டுபோனால் உட்கார வைத்துப் பேசுவார்.

சோறு போடுமா என்றால், போடும். பேங்க் நெகாராவில், வாணிப அமைச்சில், செம்பனை வாரியத்தில், ரப்பர் வாரியத்தில், வங்கிகளில், கிள்ளான் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கப்பல் நிறுவனங்களில், பினாங்குத் தொழிற்சாலைகளில், தொழிற்சங்க ஆராய்ச்சிப் பிரிவில் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு. நம் பினாங்கில் பிறந்த பொருளாதாரப் பேராசிரியர் ஜோமோ குவாமே சுந்தரம் 2005ல் ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் உதவித் தலைமைச் செயலாளர் பதவிக்கே போனார். ஆனால் டாக்டருக்குப் படித்தால் டாக்டர் என்பதுபோல் இதில் நேர் வழி இல்லை. பட்டத்தோடு கணக்குத் திறமையும், மலாய், ஆங்கிலம் எழுதும் திறமையும் இருந்தால்தான் கதவு திறக்கும். இதை மறைத்துச் சொல்லக் கூடாது.

இனி மகளின் கேள்விக்கு வருகிறேன். எந்தக் கல்லூரி?

முதலாவது, பெயரைப் பார்த்து மயங்காதீர்கள், பாடத்தைப் பாருங்கள். 'அனைத்துலகப் பொருளாதாரம்' என்ற பெயரிலேயே பட்டம் கொடுக்கும் இடங்கள் குறைவு. பெரும்பாலும் பொருளாதாரப் பட்டம் என்றுதான் இருக்கும். அதற்குள் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் அனைத்துலக வாணிபம், அனைத்துலக நிதி, மேம்பாட்டுப் பொருளாதாரம் என்று பாடங்கள் வரும். ஆகவே மூன்று ஆண்டுப் பாடப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கணிதமும் புள்ளியியலும் இருக்கிறதா? அந்தப் புள்ளிவிவரங்களை வைத்துப் பொருளாதாரத்தைச் சோதித்துப் பார்க்கும் எகனாமெட்ரிக்ஸ் இருக்கிறதா? இவை இல்லாமல் விற்பனை, விளம்பரம், அலுவலக நிர்வாகம் என்றே பட்டியல் நீண்டால், அது வியாபாரப் படிப்பு. அதுவும் நல்ல படிப்புதான். ஆனால் நம் பிள்ளை கேட்டது அதுவல்ல.

இரண்டாவது, அங்கீகாரம். தனியார் கல்லூரியானால், அந்தப் படிப்பு மலேசியத் தகுதி முகமையின், அதாவது எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் இருக்கிறதா என்று கைத்தொலைபேசியிலேயே பார்த்துவிடலாம். கல்லூரி நல்ல கல்லூரியாக இருந்தால் மட்டும் போதாது, நம் பிள்ளை சேரும் அந்தப் படிப்பே பதிவில் இருக்க வேண்டும். தற்காலிக அங்கீகாரமா, முழு அங்கீகாரமா என்றும் கேளுங்கள். சில கல்லூரிகளில் இங்கேயே மூன்று ஆண்டும் படித்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம் வாங்கலாம். அப்படியானால் சான்றிதழில் யார் பெயர் இருக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசாங்க வேலைக்குப் போக நினைத்தால் அந்தப் பட்டத்தை அரசாங்கம் ஏற்கிறதா என்பதையும் பாருங்கள்.

தோட்டத்து மண்டபத்தில் வந்து கலர் கலராகப் புத்தகம் கொடுத்து, "இன்னைக்கே கையெழுத்துப் போட்டா லேப்டாப் இலவசம்" என்கிற ஏஜெண்டுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அண்ணன்மார்களே! லேப்டாப் இரண்டு வருஷத்தில் பழசாகிவிடும். கையெழுத்துப் போட்ட கடன் அப்படிப் பழசாகாது. அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். பாரத்தை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். நாலு பேரைக் கேளுங்கள். பள்ளிக்கு வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.

மூன்றாவது, பணம். இதைப் பேச வெட்கப்படக் கூடாது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. வருஷத்துக்கு 20,400. ஒரு தனியார் கல்லூரியில் மூன்று ஆண்டுக்கு 50,000 வெள்ளி கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். சாப்பிடாமல் கொள்ளாமல் இரண்டரை வருஷ முழுச் சம்பளம்! அதற்கு மேல் தங்குமிடம், சாப்பாடு, பஸ், புத்தகம். முதல் தவணைக் கட்டணத்தை மட்டும் சொல்கிறவரிடம், "கடைசித் தவணை வரைக்கும் மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள்.

பி.டி.பி.டி.என். பணம் கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும். ஆனால் அது உபகாரச் சம்பளம் அல்ல, கடன். பிள்ளை வேலைக்குப் போனதும் கட்டியாக வேண்டும். ஊழியர் சேமநிதியிலிருந்தும் பிள்ளை படிப்புக்குப் பணம் எடுக்கலாம். ஆனால் அது நம் கிழப் பருவத்துக் கஞ்சி. தோட்டத்தை விட்டு இறங்கும் நாளில் வீடு தேடுவதற்கும் அதுதான். எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகக் கதவைத் தட்டிப் பார்க்காமலேயே அதில் கை வைக்காதீர்கள் என்கிறேன்.

வெளிநாடு அனுப்ப நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1997 நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய இரண்டரை வெள்ளி. 1998 சனவரியில் அது நான்கரை வெள்ளியைத் தாண்டியது. வருஷத்துக்கு 10,000 டாலர் செலவென்றால், 25,000 வெள்ளி போதும் என்று கணக்குப் போட்டவர் 45,000 தேட வேண்டியதாயிற்று. கல்லூரி கட்டணத்தை ஒரு காசுகூட ஏற்றவில்லை, பணத்தின் மதிப்புதான் மாறியது. செப்டம்பரில் அரசாங்கம் 3.80 என்று நிலைநிறுத்தியது, அது 2005 சூலை வரை நீடித்தது. அனைத்துலகப் பொருளாதாரம் படிக்கப் போகும் பிள்ளைக்கு இதுதான் முதல் பாடம். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் அரசாங்க மானியம் பெற்றுப் படிக்கலாம். அதற்கு ஈடாக, படித்து முடித்ததும் மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய ஒப்பந்தம் எழுத வேண்டும். அதையும் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட வேண்டும்.

நான்காவது, வழி. செலவு குறைந்த வழி ஆறாம் படிவம். "எஸ்.டி.பி.எம். கஷ்டம் சார்" என்கிறார்கள். கஷ்டம்தான். ஆனால் பொருளாதாரம் அங்கே ஒரு பாடமாகவே இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் அதை மதிக்கின்றன. மெட்ரிகுலேஷனில் இடம் கிடைத்தால் கணக்கியல் பிரிவிலும் போகலாம். கிடைக்கவில்லை என்று இடிந்து போய், மறுநாளே கண்ட கல்லூரியில் சேர்க்க வேண்டாம். மலாயாப் பல்கலைக்கழகம் 1966ல் பொருளாதாரத்துக்கென்று தனிப் பிரிவையே தொடங்கியது. பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம், செர்டாங்கில் புத்ரா, சிந்தோக்கில் உத்தாரா, கோம்பாக்கில் இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஆகியவையும் பொருளாதாரம் கற்பிக்கின்றன. தனியாரில் கம்பாரில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்திலும் உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் யு.பி.யு. வழியாகப் போகும். நூற்றுக்கு 90 தேர்ச்சிக்கு, 10 புறப்பாட நடவடிக்கைக்கு. ஆகவே சாரணர் இயக்கம், விளையாட்டு, சங்கப் பொறுப்பு எல்லாம் வெட்டி வேலை என்று பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

ஐந்தாவது, ஆசிரியரும் நூலகமும். முடிந்தால் சேரும் முன் ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். வாசலில் உள்ள கண்ணாடிக் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நூலகத்தில் எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளையை நிறுத்தி, "தம்பி, பாடம் ஒழுங்கா நடக்குதா? வாத்தியாருங்க நிலைச்சு இருக்காங்களா, தவணைக்குத் தவணை மாறுறாங்களா?" என்று கேளுங்கள். அந்தப் பதில் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

கடைசியாக, தூரம். பையனென்றால் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், பொண்ணென்றால் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதைப் படிக்கட்டும் என்று சில வீடுகளில் முடிவாகிவிடுகிறது. தாய்மார்களே! இன்று இந்த மேடையில் அதிகப் பரிசு வாங்கியது யார்? நீங்களே எண்ணியிருப்பீர்கள். தங்கும் விடுதி எப்படி, யார் பொறுப்பு, இரவில் கதவு எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது பெற்றவர் கடமை. கேட்டபின் அனுப்புங்கள். பயத்துக்காகப் பாடத்தை மாற்றாதீர்கள்.

மாணவச் செல்வங்களே! "இதெல்லாம் அண்ணன் அக்காவுக்கு" என்று கொட்டாவி விடாதீர்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கும் இதில் வேலை இருக்கிறது. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யுங்கள். பின்னமும் விழுக்காடும் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடாக வேண்டும். தேசிய மொழியில் எஸ்.பி.எம்.மில் கிரெடிட் இல்லாமல் அரசாங்கப் பல்கலைக்கழக வாசலைத் தாண்ட முடியாது. அங்கே போக மூயெட் என்ற ஆங்கிலத் தேர்வும் எழுத வேண்டும். ஆகவே தமிழில் யோசித்து, மூன்று மொழியிலும் எழுதப் பழகுங்கள். செய்தித்தாள் கிடைத்தால் சினிமாப் பக்கத்தைப் பார்த்தபிறகாவது செம்பனை விலை என்ன என்று பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாரா வாரம் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து, ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று என்னிடம் வந்து கேளுங்கள். எனக்குத் தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவோம்.

பெற்றோர்களே! நம் பாட்டன்மாருக்குத் தாங்கள் வெட்டிய பாலின் விலையை நிர்ணயிக்கும் இடத்தில் நாற்காலி இருக்கவில்லை. என்ன விலை, ஏன் அந்த விலை என்று கேட்கவும் ஆள் இருக்கவில்லை. நம் பிள்ளைகளில் ஒருவராவது அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். அதற்கு ஊரெல்லாம் பேர்போன கல்லூரி வேண்டுமென்பதில்லை. சரியான பாடம், சரியான அங்கீகாரம், தாங்கக்கூடிய செலவு, பிள்ளையின் உழைப்பு ஆகிய நான்கும் சேர்ந்த இடமே நல்ல கல்லூரி.

சனிக்கிழமை காலையில் நான் பள்ளியில்தான் இருப்பேன். பாரத்தோடு வாருங்கள், பிள்ளையையும் கூட்டிவாருங்கள்.